என் முழத்தை அளந்த கணக்கு சார்

அந்தக் கணக்கு சார் மேல் எனக்கு வந்த கோபம் தீர்ந்த பிறகு இதை எழுதலாம் என்று காத்திருந்தேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது. தீருகிற மாதிரி தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவள். மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்து முனையில் பதினாறு வருஷமாகப் பூ விற்கிறேன். வீட்டுக்காரர் கோயம்பேட்டிலிருந்து உதிரிப் பூ கொண்டுவந்து போடுவார். குளித்து விளக்கேற்றிவிட்டு, முதல் முழத்தைக் கற்பகாம்பாளுக்கு என்று கட்டி எடுத்து வைத்த பிறகுதான் விற்பதற்குக் கட்ட ஆரம்பிப்பேன். அந்த முதல் முழத்தில் சொத்தை மொட்டு ஒன்றுகூட இருக்காது. சாமிக்கு ஒரு மாதிரி, சனங்களுக்கு ஒரு மாதிரி கட்டுவதற்குக் கை கூசும். ஆகவே எல்லா முழமும் அப்படியேதான். நாலு நாலு பூவாகச் சேர்த்து ஒரு கண்ணியாக முடிந்து, இடையில் நார் தெரியாதபடி நெருக்கிக் கட்டுவேன். என் பூவைத் தலையில் வைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு வெள்ளையாக ஒரே கோடாகத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை இது, இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. யாருடைய கை என்று எங்கள் சந்தில் யாரும் கேட்டதில்லை. விற்கிறவள் கைதான். என் கை குட்டை. ஆளே குட்டை, பஸ்ஸில் மேல் கம்பி எனக்கு எட்டாது. அதை ஈடுகட்டத்தான் நான் முழம் போட்டு நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டு தனியாகக் கொசுறு கொடுப்பேன். வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும். கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், அந்தத் துண்டும் விழுந்த பிறகுதான் நகர்வார்கள்.

என் பெண் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். கணக்கு என்றால் அவளுக்கு வயிற்றுவலி வரும். உண்மையாகவே வரும், கணக்குப் பரீட்சை அன்று ஓமத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவேன். அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு கணக்கு சார் வந்தார். சின்ன வயசு. கொட்டிவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். முதல் நாளே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "உங்க வீட்டுல நல்லா கணக்குப் போடறவங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். ஆளுக்கு ஒரு சித்தப்பா, ஒரு அண்ணன் என்று சொல்ல, என் பெண் எழுந்து, "எங்க அம்மா சார். பூ விக்கறாங்க. ஒரு கூடை உதிரியைப் பாத்தாலே எத்தனை முழம் வரும்னு சொல்லிடுவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். சார் மேஜையைத் தட்டி, "இதுதான் பார்ட்னர், கணக்கு. மத்ததெல்லாம் அப்புறம்" என்றாராம்.

பிள்ளைகளை அவர் பார்ட்னர் என்றுதான் கூப்பிடுவார். வெள்ளரிக்காயை வட்டம் வட்டமாக நறுக்கி வட்டம் சொல்லிக் கொடுத்தார். குளத்துப் படிக்கட்டை எண்ண அனுப்பினார். பஸ் நம்பரைப் பகு எண்ணா, பகா எண்ணா என்று பந்தயம் வைத்தார். ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். பரீட்சைத் தாளைக் கொடுக்கும்போது மார்க்கைச் சத்தமாகப் படிக்க மாட்டார். தாளை இரண்டாக மடித்து அவரவர் கையில் கொடுப்பார். என் பெண்ணுக்கு வயிற்றுவலி நின்றது. சாயங்காலம் கடைக்கு வந்து காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் நோட்டை வைத்துக்கொண்டு, "அம்மா, ஒரு கண்ணிக்கு நாலு பூன்னா, ஒரு முழத்துக்கு எத்தனை கண்ணி?" என்று தொணதொணப்பாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா. சாருடைய நட்சத்திரம் என்ன என்று கேட்டுவரச் சொல்லி, அவர் பேருக்கு அம்பாளிடம் அர்ச்சனை செய்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று வெள்ளிக்கிழமை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூட்டம் நெரிகிற நேரம், யூனிபார்மோடு ஒரு பெண் வந்து ஒரு முழம் மல்லி கேட்டாள். நறுக்கிக் கொடுத்தேன், கொசுறும் போட்டேன். தலையில் வைத்துக்கொள்ளாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டாள். "வெச்சிக்கலயா கண்ணு?" என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி, ஸ்கூல் வேலை" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள். பூஜைக்கோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். கடையைப் பக்கத்தில் பூ விற்கிற அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். வகுப்பு வாசலில் கூட்டமாக நின்று எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய சார்ட். மேலே கொட்டை எழுத்தில், "ஒரு முழம் எத்தனை சென்டிமீட்டர்? நாம் ஏமாறுகிறோமா?" என்று தலைப்பு. கீழே எங்கள் சந்தின் ஏழு பூக்கடைகளுக்கும் ஏழு கோடு, ஏழு நிறம். பேர் இல்லை. பேர் எதற்கு. "தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கடை" என்று எழுதினால் மயிலாப்பூரில் யாருக்குத் தெரியாது. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் உட்காருகிறவள் நான் ஒருத்திதான்.

மற்றவர்கள் நாற்பத்தைந்து, நாற்பத்தி நான்கு, நாற்பத்தி ஏழு. என் கோடு முப்பத்தெட்டு. எல்லாவற்றிலும் குட்டை. அதற்கு மட்டும் சிவப்பு நிறம்.

எதிர்ச் சந்து வீட்டு அம்மா, தினம் என்னிடம் இரண்டு முழம் வாங்குகிறவர், அவர் பையனும் அதே வகுப்பு. என்னைத் திரும்பிப் பார்த்து, "தண்ணித் தொட்டின்னா நீங்கதானே?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். போனை எடுத்து அந்தச் சார்ட்டைப் போட்டோ பிடித்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. சார் உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். என் பெண்ணின் கணக்கு மார்க் எண்பத்தி ஒன்று என்று சொன்னார்கள். அந்த எண் என் மண்டையில் ஏறவே இல்லை. முப்பத்தெட்டு என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பெண்ணைக் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா அந்த சார்ட்டு?"

"தெரியும்மா."

"யாருடி வரைஞ்சது?"

"நான்தான். ஸ்கேல் வெச்சு நேரா கோடு போடறது நான்தானே."

"உங்கம்மா கோட்டுக்கு நீயே சிவப்பு அடிச்சியா?"

"கம்மியா இருக்கறதுக்கு சிவப்புன்னு சார் முன்னாடியே சொல்லிட்டாரு. எந்தக் கடை உன்னுதுன்னு அவருக்குத் தெரியாது. அளவு அதானேம்மா வந்துச்சு? நான் மாத்திப் போட்டா பொய்யாயிடாதா? நீதானே சொல்வ, அம்பாள் பாத்துட்டே இருக்கான்னு."

"கொசுறு குடுத்தேனே. அதச் சேத்தாங்களா?"

"அது தனித் துண்டும்மா. முழத்துல சேராதுன்னு எடுத்து வெச்சிட்டோம்."

அவளை அடிக்கக் கை வரவில்லை. அவள் சொன்னதில் எதைத் தப்பு என்பது. அடுப்படியில் போய்ப் பாத்திரத்தை நங்கு நங்கு என்று வைத்தேன்.

எங்கள் தொழிலில் போர்டு கிடையாது, பில் கிடையாது. அந்தப் பொம்பளை கையில் வாங்கினால் ஏமாற்ற மாட்டாள் என்ற பேர் ஒன்றுதான் எங்கள் கடை. மறுநாளிலிருந்து அந்தப் பேர் என் கண்ணெதிரே கரைந்தது. போட்டோ தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போய்விட்டது. தினம் வாங்குகிற ஒருத்தர் நான் முழம் போட்டதும் அதைத் தன் கையில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இன்னொரு பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தாராளமாப் போடுங்க, இப்பல்லாம் ஸ்கூல் பசங்களே கண்டுபிடிச்சிடறாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எதிர்ச் சந்து அம்மா பக்கத்து அக்காவிடம் மாறிவிட்டார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழெட்டு வயசு மூத்தவள். சந்தில் என் இடத்துக்கு நாலடி தள்ளி அவள் இடம். வாய் மட்டும் ஆறடி. அவள் கோடு நாற்பத்தி ஏழு.

"இன்னாமே, நம்பளுது நாப்பத்தி ஏழாமே. இஸ்கூல்லயே எழுதி ஒட்டிக்கீறாங்க. உன்னுது எவ்ளோ?"

"வாய மூடிக்கினு கட்டுக்கா."

"நான் இன்னா பண்ணுவேன், ஆண்டவன் எனக்கு நீட்டுக் கையாக் குடுத்துக்கீறான். உனக்கு குட்டையாக் குடுத்துட்டு மிச்சத்த கோவத்துல போட்டுட்டான்."

நான் அன்றைக்கு மத்தியானமே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். ஆசிரியர்கள் அறையில் சார் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா."

"உக்கார வரல சார். தண்ணித் தொட்டிப் பக்கத்துக் கடை நான்தான். முப்பத்தெட்டு."

அவர் முகத்தில் ஒரு நொடி திகைப்பு. என் பெண்ணின் பேரைச் சொல்லி, "அவங்க அம்மாவா நீங்க?" என்றார்.

"ஆமா. பதினாறு வருஷமா அங்க உக்காந்திருக்கேன். ஏமாத்தறவன்னு எழுதி ஒட்டிட்டீங்க. நீளத்த அளந்தீங்களே, பூவ எண்ணினீங்களா? நான் ஒரு கண்ணிக்கு நாலு பூ வெச்சு நார் தெரியாம கட்டறேன். சில பேரு ரெண்டு பூ வெச்சு எட்ட எட்ட கட்டுவாங்க. அதுவும் முழம், இதுவும் முழம். சனங்க வாங்கறது நாரையா, பூவையா? கொசுற எதுக்கு எடுத்துப் போட்டீங்க? அதுவும் அந்த முழத்தோட வித்ததுதானே?"

நான் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜை டீச்சர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இந்த மனுஷர் ஒரு பேனாவை எடுத்து, எதிரே கிடந்த தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்மா. கண்ணிக்கு நாலு, எட்ட கட்டினா ரெண்டு. இத இன்னொரு தடவ சொல்லுங்க. எனக்கு இது தோணவே இல்ல."

"சார், நான் சண்ட போட வந்திருக்கேன்."

"சண்டையாவே வந்து கிளாஸ்ல சொல்லுங்கம்மா. பசங்க ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என் மானம் போன கதை அவருக்கு நல்ல பாடமாகத் தெரிகிறது. கண் பளபளக்கிறது மனுஷருக்கு. வகுப்புக்கெல்லாம் வர முடியாது, சார்ட்டை எடுங்கள் என்றேன். "கண்டிப்பா எடுத்துடறேன். பூவ எண்ணிட்டு சரியாப் போடறேன். நீங்க சொன்னதுதான் சரி" என்றார். நான் சொன்னதுதான் சரி என்று படித்த ஒருவர் சொன்னதும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

நாலைந்து நாள் கழித்து என் பெண் கடைக்கு ஓடி வந்தாள். எல்லாக் கடையிலும் மறுபடி ஒரு முழம் வாங்கி, மேஜைமேல் பரப்பி, வகுப்பே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். என் முழத்தில் நூற்றுச் சொச்சம் பூ. சந்திலேயே நான்தான் முதல். புது சார்ட்டில் என் கோட்டுக்குப் பச்சை.

"சார் எல்லார் முன்னாடியும் சொன்னாரும்மா, இந்தக் கேள்விய கேட்டதே நம்ம பார்ட்னரோட அம்மாதான்னு. எல்லாரும் கை தட்டினாங்க."

அன்று சாயங்காலம் கோயிலில் நின்று நான் சாமியிடம் சொன்னதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. "எல்லாருக்கும் காட்டிக் குடுத்துட்டே தாயே" என்று கண்ணீர் விட்டேன். பெண்ணுக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். கடைசி இடத்தில் வந்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். எனக்குத் தெரியும்.

மழை, குளிர் மாசங்களில் அக்காவுக்குக் கட்டைவிரல் இரண்டும் வீங்கிக்கொள்ளும். நாரை இழுத்து இறுக்க முடியாது. இறுக்க முடியாதவள் நெருக்கிக் கட்டினால் முடிச்சு அவிழ்ந்து பூ கொட்டும். அதனால் எட்ட எட்டத்தான் கட்டுவாள், அதற்காகவே முழத்தைக் கொஞ்சம் நீட்டிப் போடுவாள். இது சந்தில் எனக்கு மட்டும் தெரியும். ஐந்தாறு வருஷம் முன்னால் ஒரு தடவை அவள் விரலுக்கு நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். வெளியே சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள், விரல் போனவளிடம் யார் பூ வாங்குவார்கள் என்று. எட்ட எட்ட கட்டுகிறார்கள் என்று சார் எதிரில் நான் கத்தினேனே, அந்த "சில பேர்" யார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவள்தான்.

அந்த சார்ட்டும் போட்டோவாகி வாட்ஸ்அப்பில் போனது. எதிர்ச் சந்து அம்மா என்னிடம் திரும்பி வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. அக்காவுக்குக் கேட்கிற மாதிரியே, "அங்க வெறும் நாருதான் போலருக்கு" என்றார். மூன்று நாளில் அக்காவிடம் நிற்கிற ஆட்கள் பாதியாகிவிட்டார்கள். சாயங்காலம் வாடிப்போன பூவைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போனாள். என்னைப் பார்த்து வழக்கம்போல ஒரு வார்த்தை வைவாள் என்று எதிர்பார்த்தேன். வையவில்லை. நாலாவது நாள்தான் வாயைத் திறந்தாள்.

"எண்ணிப் பாத்தாங்களாமே என் பூவ. எண்ணட்டும். அப்டியே வந்து என் வெரலயும் எண்ணிட்டுப் போவச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு நார் கையில் ஓடவில்லை.

பூவை அப்படியே ஈரத் துணியில் மூடிவிட்டு எழுந்தேன். பள்ளிக்கூடத்துக்கு எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை. சார் வகுப்பில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கத்துப் பையன், "சார், பூக்கார அம்மா வந்திருக்காங்க" என்றான். சார் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"பாத்தீங்களாம்மா, பச்சை?"

"பாத்தேன். சிவப்பு யாருக்கு சார்?"

"அது வந்தும்மா, டேட்டா அப்படி வந்திருக்கு. நாம யாரையும் குத்தம் சொல்லல."

"அன்னைக்கு நான் கடைசி. இன்னைக்கு அவங்க. அடுத்து யாரு? ஏழு கடையும் ஒரு ரவுண்டு வருமா?"

"பசங்களுக்கு ஆர்வம் வரணும்மா. அவங்க தெருவுல பாக்கற விஷயமா இருந்தாதான் கணக்கு உள்ள போகும். உங்க பொண்ணயே பாருங்க."

"எம் பொண்ணுக்குக் கணக்கு வரணும்னா, விரல் வீங்கின பொம்பள ஒருத்தி வீட்டுக்கு வாடின பூவத் தூக்கிட்டுப் போகணுமா?"

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவில்லை, சத்தியம் செய்து கொடுத்த விஷயத்தில் அதற்குமேல் வாய்விடக் கூடாது. சொன்னவரைக்குமே அதிகம். சுவரிலிருந்த சார்ட்டை நானே இழுத்தேன். டேப்போடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. நடுவில் கிழிந்தது. மூன்றாவது பெஞ்சில் என் பெண் குனிந்த தலை நிமிரவில்லை.

"கோவம் இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் சார்.

"சொன்னேனே சார். நீங்கதான் எழுதிக்கிட்டீங்க. சந்துக்கு வந்து அவங்ககிட்ட பேசுங்க. எண்ணத் தெரிஞ்ச உங்களுக்கு அதுவும் தெரியணும்."

தலைமை ஆசிரியர் வந்து என்னைச் சமாதானம் செய்து வெளியே அனுப்பினார். என் பெண் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "ரெண்டு நாளா உக்காந்து வரைஞ்சேம்மா" என்றாள். பிறகு, "அப்ப நாங்க எண்ணினது தப்பா?" என்று கேட்டாள். எண்ணியது சரி, கேட்காமல் எண்ணியதும் தெருவே பார்க்க ஒட்டியதும் தப்பு என்றேன். அவள் யோசித்துக்கொண்டு போனாள். அவளுக்கு நான் சார்ட்டைக் கிழித்ததில் இன்றும் வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

சார் வந்தார். அதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம். அடுத்த வெள்ளிக்கிழமை, ஸ்கூட்டரை முனையில் நிறுத்திவிட்டு, பிள்ளைகள் யாரும் இல்லாமல் தனியாக வந்தார். அக்கா எதிரில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா, நான்தான் கணக்கு வாத்தியார். பசங்கள விட்டு உங்க பூவ எண்ண வெச்சு சுவத்துல ஒட்டினேன். உங்களக் கேக்காம செஞ்சது தப்பு."

அக்கா கட்டுவதை நிறுத்தவில்லை. "எண்ணி முட்சிட்டு அப்பால வந்து கேட்டா இன்னா சார் பிரயோசனம். உன் கிளாசுல ஒர்த்தன் கடைசி மார்க்கு எடுத்தா, அவன் பேர இப்டிதான் செவுத்துல ஒட்டுவியா?"

"மாட்டேம்மா. மார்க்க வெளிய படிக்கவே மாட்டேன்."

"ஏன்?"

"மறுநாள் அவன் ஸ்கூலுக்கே வர மாட்டா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அவன் வராம இருந்துக்குவான் நைனா. நாங்க நாளிக்கும் இங்கதான் குந்தணும்."

சார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லப்போவதாகச் சொன்னார். சொன்னாராம். அன்றிலிருந்து எதை அளக்கப் போனாலும் முதலில் கேட்டுவிட்டு வர வேண்டும், முடியாது என்றால் விட்டுவிட வேண்டும் என்று வகுப்பில் சட்டம் போட்டிருக்கிறார் என்று என் பெண் சொல்கிறாள். இப்போது ஒன்பதாவதிலும் அவர்தான் அவளுக்குக் கணக்கு. நன்றாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளைகள் அவர்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். எனக்கு அதை நினைத்தாலும் கோபம் வருகிறது. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். தன் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு அத்தனை பதமாகத் தாளை மடித்துக் கொடுக்கத் தெரிந்தவருக்கு, தெருவில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் ஒரு முகம் உண்டு என்று தோன்றாமல் போனதே. அவருக்கு மட்டுமா. பூவை எண்ணச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே.

அவர் வந்து மன்னிப்புக் கேட்டது வாட்ஸ்அப்பில் போகவில்லை. அதை யாரும் போட்டோ பிடிக்கவில்லை. அக்காவை விட்டுப் போனவர்களில் சிலர் திரும்பினார்கள், பலர் இல்லை.

போன வாரம் எதிர்ச் சந்து அம்மா வந்தார். என் முன்னால் கூடை நிறைய மல்லி, பந்து பந்தாகச் சுற்றி வைத்திருக்கிறேன்.

"ரெண்டு முழம் குடுங்க."

"இன்னைக்கு என்கிட்ட பூ இல்லம்மா. அக்காகிட்ட வாங்கிக்குங்க."

அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதோ இருக்கே?"

"இல்லம்மா."

"அவங்க எட்ட எட்ட இல்ல கட்டுவாங்க?"

"அது அவங்க கை. வேணும்னா வாங்குங்க, இல்லன்னா விடுங்க. எண்ணிக்கிட்டு மட்டும் என்கிட்ட வராதீங்க."

அவர் முகம் சிவந்து, இருவரிடமும் வாங்காமல், சந்தைத் தாண்டிப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை அதுவுமாக அவர் வீட்டுச் சாமிக்குப் பூ இல்லாமல் போகக் காரணமாகிவிட்டேனோ என்று ஒரு கணம் உறுத்தியது. கோயிலில் அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். பூ இல்லை என்று சொன்ன பொய்க்குக் கேட்கவில்லை.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏம்மே, உனுக்கு மூள கீதா? வர்ற கிராக்கியத் தொரத்திக்கினு. என்கிட்டயும் வாங்கல, உன்கிட்டயும் வாங்கல. இதான் உன் கணக்கா?"

"ஆமாக்கா. இதான்."

"நல்ல கணக்கு" என்று காறித் துப்பிவிட்டு, அவள் அடுத்த கண்ணியைப் போட்டாள்.